கணக்கை விரித்துக் காட்டுதல்: சுண்டுக்குளியில் ஐந்து மாலை வேதாகம வகுப்பு, ஒரு மதிப்பீடு

கடந்த தவக்காலத்தின் ஐந்து சனிக்கிழமை மாலைகளில், யாழ்ப்பாணத்துச் சுண்டுக்குளிப் பக்கமாக உள்ள ஒரு சிறிய மண்டபத்தில் நடத்தப்பட்ட வேதாகம வகுப்பொன்றுக்கு ஆயிரம் ரூபா கட்டணம் செலுத்திப் போய் வந்தேன். ஊர் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில், பொதுப் பொறுப்பில் இருக்கும் ஒருவருடைய நேர்மையையும் வாய்மையையும் பற்றி வேதாகமம் என்ன சொல்லுகிறது என்பதே வகுப்பின் பொருள். கத்தோலிக்கரும் தென்னிந்தியத் திருச்சபையாரும் மெதடிஸ்தருமாகச் சிலர் கூடி ஒழுங்கு செய்தபடியால், துண்டுப்பிரசுரத்தில் 'தவக்காலம்' என்றும் 'லெந்து காலம்' என்றும் இரண்டு சொற்களும் அருகருகே அச்சிடப்பட்டிருந்தன. அடுத்த சுற்று திருவருகைக் காலத்தில் நடைபெறும் என்று அறிவித்திருக்கிறார்கள். போகலாமா என்று கேட்ட நாலைந்து பேருக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லுவதைவிட ஒரே தடவையாக எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். முப்பது வருடத்துக்கு மேலாகக் கூட்டுறவுச் சங்கங்களில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான். வேத அறிவில் சாதாரண விசுவாசிக்கு மேற்பட்டவன் அல்லன். ஆனால் பேரேட்டின் இரண்டு பக்கமும் பொருந்தாத இடத்தில் கண் தானாகப் போய் நிற்கும். இந்த மதிப்பீட்டையும் அந்தக் கண்ணோடுதான் எழுதுகிறேன்.

முதல் நாள் வாசலில் ஒரு மேசையும் பெயர்ப் பதிவுக்கு ஒரு கொப்பியும் இருந்தன. பணத்தைக் கொடுத்துவிட்டுப் பற்றுச்சீட்டுக்காகக் காத்து நின்றேன். மேசையில் இருந்த பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டு, "ஐயா, இது ஆண்டவற்ற காரியந்தானே, துண்டு எதுக்கு?" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனாலும் நேர்மை பற்றிய வகுப்பின் வாசலிலேயே பற்றுச்சீட்டு இல்லை என்பதை என் கொப்பியின் முதல் வரியாக எழுதிவைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.

வசதிகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். அறுபது கதிரைகள் போட்டிருந்தார்கள். முதல் நாள் நிரம்பவில்லை, மூன்றாம் நாள் பின்வாங்கில் சிலர் நின்றார்கள். மின்விசிறிகளில் இடப்பக்கத்து இரண்டு மட்டுமே உருப்படியாகச் சுற்றின. ஒலிவாங்கி அடிக்கடி இரைந்தது. நாலாம் நாள் அதை நிற்பாட்டிவிட்டு வெறுங்குரலில் பேசியபோதுதான் எல்லாருக்கும் நன்றாகக் கேட்டது. இடைவேளைக்குப் பிளேன்ரீயும் மரக்கறி றோல்ஸும் கொடுத்தார்கள், சுவைக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு மணித்தியாலம் என்று பிரசுரத்தில் போட்டிருந்தாலும், தொடக்கச் செபம், வரவேற்புரை, அறிவித்தல் எல்லாம் போக வகுப்பாக மிஞ்சியது ஒன்றரை மணித்தியாலத்துக்கும் குறைவு. வடமராட்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிப்பதற்காகக் கேள்வி நேரத்துக்கு முன்பே எழும்பிப் போக வேண்டியிருந்தது. அந்த வகுப்பின் நல்ல பகுதி கேள்வி நேரந்தான் என்பதால் இதை ஒரு குறையாகவே சொல்லுகிறேன்.

வளவாளர்கள் இருவர். ஒருவர் அரச கணக்காய்வில் நெடுங்காலம் வேலை செய்துவிட்டுப் பின்னர் போதகரானவர்; மற்றவர் விவிலியம் படிப்பிக்கும் அருட்சகோதரி ஒருவர். ஐந்து மாலைகளில் நாலைப் போதகரும் ஒன்றைச் சகோதரியும் நடத்தினார்கள். இந்தப் பங்கீட்டை அடுத்த தடவை மாற்றினால் நல்லது.

முதல் மாலையே என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. நேர்மை என்றதும் எல்லாரும் தொடங்குகிற இடத்தில் போதகர் தொடங்கவில்லை. யாத்திராகமம் முப்பத்தெட்டாம் அதிகாரத்தைத் திறக்கச் சொன்னார். வேதத்தை வாசிப்பவர்களில் அநேகர் கையால் தள்ளிவிட்டுப் போகும் அதிகாரம் அது. இஸ்ரவேலர் வனாந்தரத்தில் வழிபட்ட ஆசரிப்புக்கூடாரத்துக்கு எவ்வளவு பொன், எவ்வளவு வெள்ளி, எவ்வளவு வெண்கலம் செலவானது என்ற வெறும் பட்டியல். பொன் 29 தாலந்து 730 சேக்கல். வெள்ளி 100 தாலந்து 1,775 சேக்கல். பிறகு வெள்ளைப்பலகையில் ஒரு கணக்கு எழுதினார். எண்ணப்பட்ட ஆண்கள் 603,550 பேர். தலைக்கு அரைச் சேக்கல். ஆகவே 301,775 சேக்கல். ஒரு தாலந்துக்கு 3,000 சேக்கல் என்று வகுத்தால் 100 தாலந்தும் மிச்சம் 1,775 சேக்கலும் வரும். வரவு ஒரு சேக்கலும் பிசகாமல் பொருந்துகிறது. அடுத்தது செலவு: 100 தாலந்தும் 100 பாதங்களை வார்க்கப் போயிற்று, பாதம் ஒன்றுக்கு ஒரு தாலந்து. மிச்சம் 1,775 சேக்கலும் தூண்களின் கொக்கிகளுக்கும் பூண்களுக்கும் குமிழ்களின் தகட்டுக்கும் போயிற்று. கையில் மீதி இல்லை.

அந்த 1,775 என்ற எண்ணைப் போதகர் பச்சை மையால் வட்டமிட்டபோது, எனக்குப் பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர் ஒருவர் தன்னை மறந்து "பலன்ஸ் ஆகுது" என்று சொல்லிவிட்டார். மண்டபமே சிரித்தது. கொக்கிக்குப் போன வெள்ளிக்குக் கணக்குச் சொல்லும்படி மோசேயை யாரும் கேட்டதாக அந்த அதிகாரத்தில் இல்லை. கேட்கும் முன்பே எழுதி வைத்திருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு மனிதனும் தன் அரைச் சேக்கலைக் கொடுத்தவன் என்பதால், கூடாரத்தைக் கடந்து போகும் எவனும் அது எங்கே போயிற்று என்று தெரிந்துகொள்ளலாம்.

போதகர் சொல்லாமல் விட்ட ஒன்றை இங்கே சேர்க்கிறேன். அந்தக் கணக்கை எழுதும் வேலை ஆரோனின் மகனாகிய இத்தாமாரின் பொறுப்பில் நடந்தது என்று அதே அதிகாரம் சொல்லுகிறது. ஆறு அதிகாரங்களுக்கு முன்னால் அவனுடைய தகப்பன் சனங்களின் காதணிகளைக் கழற்றி வாங்கி, கன்றுக்குட்டியை வார்த்துவிட்டு, மோசே கேட்டபோது, பொன்னை நெருப்பிலே போட்டேன், இந்தக் கன்றுக்குட்டி வெளியே வந்தது என்று சொன்னான். எத்தனையோ சங்கக் கூட்டங்களில் எத்தனையோ விளக்கங்களைக் கேட்டவன் நான். இதைப்போல ஒன்றைக் கேட்டதில்லை. தகப்பன் எடையில்லாமல் வாங்கிய பொன்னால் வந்த வெட்கத்துக்குப் பிறகு, மகனுடைய கையில் தராசும் ஏடும் கொடுக்கப்படுகின்றன. இதை வகுப்பில் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாம் மாலை யோவாஸ் அரசனின் காலத்துப் பெட்டியைப் பற்றியது. மூடியில் துவாரமிட்டு ஆலயத்தில் வைக்கப்பட்ட அந்தப் பெட்டியில் பணம் நிறைந்ததும், அரசனுடைய எழுத்தனும் பிரதான ஆசாரியனும் இரண்டு பேருமாக வந்து எண்ணிப் பைகளில் கட்டினார்கள். தனியாக ஒருவர் எண்ணுவது கிடையாது. ஆனால் அதே பகுதி, வேலையாட்களுக்குக் கொடுக்கும்படி பணத்தைப் பெற்றுக்கொண்டவர்களிடத்தில் கணக்குக் கேட்கவில்லை, அவர்கள் உண்மையாய் நடந்தார்கள் என்றும் சொல்லுகிறது. உடனே முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழும்பி, "அப்ப உண்மையான ஆளிட்டக் கணக்குக் கேக்கத் தேவையில்லை எண்டுதானே வேதம் சொல்லுது?" என்றார். ஆலய நிர்வாகங்களில் இந்த வசனம் எப்படிப் பயன்படுகிறது என்று தெரிந்தவர்கள் எல்லாரும் போதகரின் முகத்தைப் பார்த்தோம்.

அவர் அவசரப்படாமல், சில வசனம் மேலே போய் வாசிக்கச் சொன்னார். பெட்டி ஏன் வந்தது? அரசனின் இருபத்துமூன்றாம் வருடம் வரைக்கும் ஆசாரியர்கள் பணத்தை வாங்கிக்கொண்டும் ஆலயத்தைப் பழுதுபார்க்கவில்லை. ஆகவே பூட்டுப் போட்ட பெட்டி மேலிடத்துக்கு. கணக்குக் கேட்காத நம்பிக்கை தச்சனுக்கும் கல்தச்சனுக்கும் கூலி கொடுத்தவர்களுக்கு. "எங்கட ஊரில இது தலைகீழாய் நடக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் நிறுத்திக்கொண்டார். மேசனிடம் சீமெந்துப் பைக்குத் துண்டு கேட்கிறோம். நிர்வாகத்திடம் கேட்கக் கூச்சப்படுகிறோம். பெரியவர் கதிரையில் அமர்ந்தார். ஆனால் சம்மதித்ததாக முகம் காட்டவில்லை.

அதே மாலையில் இன்னொரு காட்சி. போதகர் ஒரு பழைய துணிப்பையிலிருந்து இரண்டு இரும்பு நிறைகற்களை எடுத்து மேசையில் வைத்தார். இரண்டும் ஒரு கிலோ என்று எழுதப்பட்டவை. ஒன்றின் அடியில் ஈயம் அடைத்து முத்திரை குத்தியிருந்தது. மற்றதில் அந்தக் குழி வெறுமையாக இருந்தது. இரண்டையும் கைமாற்றிப் பார்க்கும்படி கொடுத்தார். கையில் தூக்கினால் வித்தியாசம் தெரியாது. குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தால்தான் தெரியும். நீதிமொழிகளில் 'கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது. சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்' என்று எங்கள் பழைய மொழிபெயர்ப்பில் வருகிறது. சின்ன வயதிலிருந்து மனப்பாடமாகச் சொல்லி வந்த வசனம். 'சுமுத்திரை' என்ற சொல்லை வெறும் அலங்காரமாகவே நினைத்திருந்தேன். முத்திரை என்பது கல்லின் குணம் அல்ல. வெளியே நிற்கும் ஒருவர் பரிசோதித்துக் குத்துவது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. சுன்னாகச் சந்தையில் மரக்கறி கொண்டுபோய் விற்று, 'கழிவு' என்று நிறையில் வெட்டுப்பட்டவர்கள் வகுப்பில் மூன்று நாலு பேர் இருந்தார்கள். பையிலே பெரிதும் சிறிதுமாக இரண்டு நிறைகல் வைத்திருக்காதே என்ற உபாகமக் கட்டளையை வாசித்தபோது அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை நான் கண்டேன்.

மூன்றாம் மாலை தானியேல். சிங்கக்கெபி என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும். போதகர் சிங்கங்களிடம் போகவே இல்லை. தரியு அரசன் 120 தேசாதிபதிகளையும் அவர்களுக்கு மேல் மூன்று பிரதானிகளையும் வைத்தான். அரசனுக்கு நட்டம் வராதபடி தேசாதிபதிகள் அந்த மூவருக்கும் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். மூவரில் ஒருவர் தானியேல். அதாவது, பிறருடைய கணக்கைப் பார்ப்பது அவருடைய உத்தியோகம். அவர்மேல் குற்றம் தேடியவர்கள் தெருவில் போனவர்கள் அல்லர். அவருடைய கோவைகள் எங்கே இருக்கும், எந்தப் பக்கத்தைப் புரட்ட வேண்டும் என்று தெரிந்த சக உத்தியோகத்தர்கள். 'முகாந்தரம் தேடினார்கள்' என்பது பழைய மொழிபெயர்ப்பின் சொல். அப்படிப்பட்டவர்கள் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. பிரார்த்தனையைப் பிடித்துக்கொண்டு அவரை விழுத்தியது, கணக்கில் விழுத்த முடியாமல் போனபடியால்.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்று குறுக்கே வருகிறது, பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு முப்பத்தைந்து வயதளவில் ஒரு சிற்றாலயத்தின் கட்டட நிதிக்குப் பொருளாளராக இருந்தேன். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு யுத்தத்தால் வலிகாமமே எழும்பி நாவற்குழிப் பக்கமாக நடந்தபோது, நிதிப் பேரேட்டை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி என் துவிச்சக்கரவண்டிக் கரியரில் கட்டிக்கொண்டு போனேன். பற்றுச்சீட்டுகளின் அடிக்கட்டைகள் ஆலய அலுமாரியில் நின்றுவிட்டன. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை, ஒரு துண்டும் இல்லை. மறுபடியும் கூடிய முதற் பொதுக் கூட்டத்தில் ஒருவர் எழும்பி, நாற்பது பை சீமெந்து என்று பேரேட்டில் இருக்கிறதே, துண்டு எங்கே என்று கேட்டார். குரலில் கடுமை இல்லை. ஆனால் எனக்குத் தலை சுற்றியது. "ஆண்டவருக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு இருந்தேன். கூட்டம் அதை ஏற்றுக்கொண்டது. நான் அந்த மனிதரோடு பல வருடம் பேசவில்லை.

தானியேலைப் பற்றிய அந்த மாலை முடிந்து வெளியே வந்தபோது, அந்தக் கூட்டத்தில் நான் சொன்ன பதில் தானியேலுக்கு உதவியிருக்காது என்று தோன்றியது. முகாந்தரம் தேடி வந்தவர்களுக்கு அவர் ஏடுகளைத் திறந்துவிட்டார்; நானோ, கெட்ட எண்ணமில்லாமல் கேட்ட ஒருவருக்கு வானத்தைக் காட்டினேன். துண்டு தொலைந்தது என் பிழை அல்ல. ஆனால் சீமெந்து வாங்கிய கடைக்காரர் அப்போது உயிரோடு இருந்தார். அவருடைய கடை ஏட்டைப் போய்ப் பார்க்கலாம் என்று அந்தக் கூட்டத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆயிரம் ரூபாவுக்கு இந்த ஒரு எண்ணமே போதுமானது என்று நினைக்கிறேன்.

நாலாம் மாலை சகோதரியுடையது, ஐந்திலும் சிறந்தது. யோவான் நற்செய்தியின் பதினெட்டாம் அதிகாரத்தில் இரண்டு விசாரணைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன என்று தொடங்கினார். உள்ளே அன்னாவின் முன் இயேசு. வெளியே முற்றத்தில் பேதுரு. உள்ளே கேட்பவர் பெரிய ஆசாரியர். வெளியே முதலில் கேட்பவள் வாசல் காக்கும் ஒரு வேலைக்காரி. நற்செய்தியாளர் ஒரு காட்சியை முடிக்காமல் மற்றதற்குப் போய், மறுபடியும் முற்றத்துக்குத் திரும்புகிறார். உள்ளே இயேசு சொல்லும் பதிலை அவர் நிறுத்தி நிதானமாக வாசித்தார்: நான் வெளியரங்கமாகவே பேசினேன், மறைவில் ஒன்றும் பேசவில்லை, கேட்டவர்களிடத்தில் விசாரியும். என்னை நம்பும் என்று இயேசு சொல்லவில்லை; சாட்சிகளைக் கூப்பிடும் என்கிறார். அறைபட்ட பிறகும், தகாததைப் பேசினேனானால் எது தகாதது என்று காட்டு என்றுதான் கேட்கிறார். வெளியே பேதுருவிடமோ கேட்கப்பட்டது, நீயும் அவருடைய சீஷன் அல்லவா என்ற, ஆம் அல்லது இல்லை என்று சொல்லக்கூடிய ஒரு சின்னக் கேள்வி. அவர் இல்லை என்றார். 'உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்' என்று மலையில் கேட்ட காது அது.

குளிருக்காக மூட்டியிருந்த கரிநெருப்பைப் பற்றிச் சகோதரி சொன்னதையும் எழுத வேண்டும். மூலமொழியில் அந்தக் கரிநெருப்புக்கான சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில் வருகிறது. ஒன்று பேதுரு மறுதலித்த முற்றத்தில், மற்றது உயிர்த்த இயேசு கடற்கரையில் மீன் சுட்டுவைத்துக்கொண்டு பேதுருவிடம் மூன்று தரம் கேள்வி கேட்ட இடத்தில். பாசையூர் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, "சிஸ்டர், அந்த மணமே அவருக்குப் போதும், கேள்வி கேக்கத் தேவையில்லை" என்றார். சகோதரி சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. எந்த விளக்கவுரையிலும் நான் இதை வாசித்ததில்லை.

கத்தோலிக்க விவிலியத்தில் தானியேலோடு சேர்ந்து வரும் சூசன்னாவின் கதையையும் அவர் தொட்டார். அவள்மேல் விபசாரக் குற்றம் பொய்யாகச் சாட்டிய இரண்டு முதியவர்களைத் தனித்தனியாக நிறுத்தி, எந்த மரத்தின் கீழ் கண்டீர்கள் என்று கேட்டதும் பொய் வெளுத்துவிடுகிறது. குற்றம் சாட்டப்பட்டவளைக் காப்பாற்றியது விசாரணைதான். விசாரிக்காமல் முதலில் தீர்ப்பளித்தது சபைதான். முகநூலில் ஒருவருடைய படத்தைப் போட்டு மாலைக்குள் தீர்த்துவிடுகிற இந்தக் காலத்தில் இந்தக் கதைக்கு ஒரு முழு மாலை கொடுத்திருக்கலாம். புரட்டஸ்தாந்தருக்குப் பழக்கமில்லாத பகுதி என்று பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார்.

இடையில் சொன்ன ஒரு செய்தி எங்கள் ஊரோடு சம்பந்தப்பட்டது. 1850இல் வெளிவந்த வேதாகம மொழிபெயர்ப்பு பேர்சிவல் பாதிரியாரின் மேற்பார்வையில் யாழ்ப்பாணத்தில் நடந்தது. அதில் அவருக்குத் துணையாக உழைத்தவர் ஆறுமுக நாவலர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, கிறிஸ்தவப் பிரசாரத்துக்கு எதிராகப் பகிரங்கமாக நின்றவரும் அவரேதான். தான் ஏற்காத சமயத்தின் நூலைத் தமிழாக்கும்போது அவர் நிறைகல்லை மாற்றவில்லை என்று சகோதரி சொன்னபோது, பின்வரிசையில் இருந்த சைவ நண்பர் ஒருவர், ஆம், வகுப்புக்குச் சைவர்களும் வந்திருந்தார்கள், தலையை ஆட்டினார்.

கைந்நூலைப் பற்றி ஒரு குறை. நாற்பது பக்கப் போட்டோப்பிரதி. எழுத்து நல்ல பெரிது. வசன எண்களுக்கு மேல் வேதாகமப் புத்தகங்களின் பெயர் பழைய மொழிபெயர்ப்பின்படியும் பொது மொழிபெயர்ப்பின்படியும் இரண்டு விதமாகக் கொடுத்திருந்தது பாராட்டத்தக்கது. ஆனால் ஐந்தாம் மாலைக்கான முக்கிய வசனம் '1 கொரிந்தியர் 8:20' என்று அச்சாகியிருந்தது. அந்த அதிகாரத்தில் மொத்தமே பதின்மூன்று வசனங்கள். இரண்டாம் நிருபம் என்று இருக்க வேண்டும். இடைவேளையில் போதகரிடம் சொன்னேன். அவர் அடுத்த வகுப்பின் முதல் வேலையாக, தட்டச்சுச் செய்த பிள்ளையின் தலையில் போடாமல், "நான் பிழைதிருத்திப் பார்க்கவில்லை" என்று எழும்பிச் சொல்லி எல்லாரையும் பேனையால் திருத்த வைத்தார்.

ஐந்தாம் மாலை எதிர்பார்ப்போடு தொடங்கி ஓரளவு இறங்கிப் போனது. பவுல் எருசலேம் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தைத் தனியாகக் கொண்டுபோகாமல், தீத்துவோடு வேறு இரண்டு சகோதரர்களையும் அனுப்புகிறார்; அவர்களில் ஒருவர் சபைகளால் தெரிந்துகொள்ளப்பட்டவர். இந்தப் பெருந்தொகையைப் பற்றி ஒருவரும் எங்களைக் குறைசொல்ல இடம் வைக்கவில்லை, கர்த்தருக்கு முன்பாக மட்டும் அல்ல மனிதருக்கு முன்பாகவும் யோக்கியமானதைச் செய்ய நாடுகிறோம் என்று எழுதுகிறார். தந்திரமாகப் பணம் பறித்தார் என்ற பேச்சு கொரிந்துவில் அவரைச் சுற்றி இருந்தது என்பது அதே நிருபத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் தெரியும். 'ஆண்டவருக்குத் தெரியும்' என்று சொல்லத் தகுதியுள்ளவர் ஒருவர் இருந்தால் அது பவுல்தான். அவர் அதோடு நிற்கவில்லை.

இங்கே நான் எழும்பி ஒரு கேள்வி கேட்டேன். மத்தேயு ஆறாம் அதிகாரத்தில், மனிதர் காணும்படி தர்மம் செய்யாதே, வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்று இயேசு சொல்லுகிறாரே. பவுல் மனிதருக்கு முன்பாகவும் என்கிறாரே. இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? போதகர், எல்லாம் உள்நோக்கத்தைப் பொறுத்தது என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். மூன்று மாலை இவ்வளவு கூர்மையாகப் பேசியவரிடமிருந்து இந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. உள்நோக்கத்தைப் பேரேட்டில் எழுத முடியாது.

என் எண்ணத்தை எழுதுகிறேன், பிழையானால் அறிந்தவர்கள் திருத்தட்டும். மத்தேயுவில் பேசப்படுவது ஒருவன் தன் மடியிலிருந்து கொடுக்கும் பணம். அதை மறைக்க அவனுக்கு உரிமை உண்டு, மறைப்பதே அழகு. கொரிந்தியரில் பேசப்படுவது பிறர் நம்பி ஒப்படைத்த பணம். அதை மறைக்கும் உரிமை பவுலுக்கும் இல்லை. நிலத்தை விற்ற பணத்தைச் சபைக்குக் கொண்டுவந்த அனனியாவும் சப்பீராளும் செய்தது இந்த இரண்டையும் குழப்பியதுதான். நிலம் உன்னுடையது, விற்ற பணமும் உன் வசத்தில்தான் இருந்தது என்று பேதுரு தெளிவாகச் சொல்லுகிறார்; ஒரு பங்கை வைத்துக்கொண்டது குற்றம் அல்ல, மிச்சப் பங்கை முழுமை என்று சபைக்கு முன் காட்டியதுதான். எங்கள் ஊர்ச் சுவர்களில் நன்கொடையாளர் பெயர் பளிங்குக் கல்லில் பெரிதாக இருக்கும், வரவு செலவுக் கணக்கு ஒரு கோவைக்குள் இருக்கும். மறைக்க வேண்டியது சுவரிலும் காட்ட வேண்டியது அலுமாரியிலும் இருக்கிறது.

பன்னிரண்டு வருடம் அதிபதியாக இருந்தும் அதிபதிக்குரிய படியை வாங்காமல், 150 பேருக்குத் தன் பந்தியில் சாப்பாடு போட்ட நெகேமியாவைக் கடைசி ஐந்து நிமிடத்தில் ஓட்டி முடித்தார்கள். பஸ்ஸுக்குப் போனவர்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

யார் போகலாம் என்று கேட்டால், ஆலயமோ கோயிலோ சனசமூக நிலையமோ, ஏதாவது ஒன்றில் பொதுப் பணத்தைக் கையால் தொடுகிறவர்கள் கட்டாயம் போகலாம். மன ஆறுதலுக்காகத் தியானம் தேடிப் போகிறவர்களுக்கு இது பொருந்தாது. போதகரின் நடை கணக்காய்வு அறிக்கையைப் போல வறண்டது. சகோதரியின் மாலை எது என்று முன்கூட்டியே கேட்டு அறிந்து அதைத் தவறவிடாமல் பாருங்கள். இடப்பக்கக் கதிரையைப் பிடியுங்கள். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். கேள்வி நேரத்தைக் கூட்டினால் நாலு.

பற்றுச்சீட்டு விடயம் எங்கே முடிந்தது என்றும் சொல்ல வேண்டும். நாலாம் நாள் வாசல் மேசையில் தொடரிலக்கம் அடித்த புதிய பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒன்று கார்பன் தாளோடு இருந்தது. அதே பிள்ளை என்னைக் கூப்பிட்டு, "ஐயா, உங்கட துண்டு" என்று பிந்திய திகதியோடு தந்தார். கடைசி நாள் வரவு செலவு அறிக்கை ஒற்றைத் தாளில் மண்டபக் கதவில் ஒட்டப்பட்டிருந்தது: கட்டண வரவு, மண்டப மின்சாரம், போட்டோப்பிரதி, தேநீர், வளவாளர் போக்குவரத்து, எல்லாம் வரி வரியாக. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கூட்டிப் பார்த்தேன், பொருந்தியது. கடைசிக்கு முந்திய வரி மட்டும் 'இதர செலவு 4,350' என்று இருந்தது. அது என்ன என்று கேட்டேன். "பார்த்துச் சொல்லுறம் ஐயா" என்றார்கள். இதை எழுதும் வரைக்கும் சொல்லவில்லை. திருவருகைக் காலப் பதிவுக்குப் போகும்போது மறுபடியும் கேட்பேன்.